தீட்டா சிறியது என்று கொள்வோம்

ஜூன் 18, 2025, புதன்: கிளம்பும்போதே

ஸ்டேஷன் வாசலில் இருக்கும் எக்ஸ்ரே மெஷினுக்குள் என் பை போனதும் பெல்ட் நின்றுவிட்டது. திரையைப் பார்த்தால் எனக்கே பயமாகத்தான் இருந்தது. இரண்டு அலுமினியச் சட்டம், வளையம் வளையமாக இரும்பு, ஒரு பலகை முழுக்கத் தாறுமாறாக ஒயர், பக்கத்திலேயே 9 வோல்ட் பேட்டரி நாலு. "மேடம், பையைக் கொஞ்சம் திறங்க" என்றார் பணியில் இருந்த காவலர். இளைஞர்தான், குரலில் அதட்டல் இல்லை.

நான் 19 வருடமாக ஒரு பொறியியல் கல்லூரியில் மெக்கானிக்கல் துறையில் வேலை பார்க்கிறேன். இளநிலைக்கு அதிர்வுகள், முதுநிலைக்கு நேரிலா இயக்கவியல் (தள்ளுவதும் ஆடுவதும் ஒரே விகிதத்தில் போகாத ஆட்டங்களின் கணக்கு), ஆராய்ச்சியும் அதிலேயேதான். திருச்சியில் ஒரு கல்லூரி ஆசிரியர்களுக்கு இரண்டு நாள் பயிலரங்கம் நடத்தக் கூப்பிட்டிருந்தார்கள், அதற்காகத்தான் இந்த மூட்டை. இதை வாயால் சொல்லி ஆகிற காரியமில்லை என்று, இரட்டை ஊசலை வெளியே எடுத்து பெஞ்சு விளிம்பில் கிளாம்ப் போட்டு மாட்டினேன். ஒரு சட்டத்தின் நுனியில் இன்னொரு சட்டம், இணைப்பில் ஸ்கேட்டிங் சக்கரத்தில் போடுகிற 608 பேரிங், அவ்வளவுதான் பொருள். கொஞ்சமாக இழுத்து விட்டால் இரண்டும் நல்ல பிள்ளையாக ஆடும். கிடைமட்டத்துக்குத் தூக்கி விட்டால் கீழ்ச்சட்டம் பேய் பிடித்த மாதிரி குட்டிக்கரணம் போடும்.

"அதே மாதிரி இன்னொரு தடவை விடுங்க" என்றார். விட்டேன், வேறு மாதிரி சுற்றியது. பிறகு அவரே விட்டுப் பார்த்தார், கீழ்ச்சட்டம் எத்தனை முறை தலைகீழாகப் போகிறது என்று விரல் மடக்கி எண்ணினார். மூன்று. அடுத்த முறை ஐந்து. அடுத்து நாலு.

"ஒரே இடத்துலதான மேடம் விடுறேன்?"

"முடியளவு மாறினாலும் போதும் சார். கொஞ்ச நேரத்துல அந்த வித்தியாசம் பெருசாயிடும்."

"அப்ப எத்தனை தடவை சுத்தும்னு யாராலயும் சொல்ல முடியாதா?"

முதல் இரண்டு வினாடிக்குச் சொல்லலாம், அதுக்கு மேல் முடியாது என்றேன். அவர் நம்பின மாதிரி தெரியவில்லை, நான் ஏதோ கைவேலை செய்கிறேன் என்றே நினைத்திருப்பார். ஆனால் கேட்ட வரிசை இருக்கிறதே, அதைத்தான் ஒரு செமஸ்டர் முழுக்க மாணவர்கள் கேட்கவேண்டும் என்று காத்திருப்பேன், பெரும்பாலும் கேட்க மாட்டார்கள்.

ஊசல் பாஸ் ஆகிவிட்டது. பேட்டரியும் ஒயரும்தான் ஆகவில்லை. மேலதிகாரி வந்து அடையாள அட்டையைப் பார்த்துச் சிரித்து அனுப்புவதற்குள் ரயில் போயிருந்தது. நான் வந்ததே கடைசி நிமிடத்தில், யாரையும் சொல்லிக் குற்றமில்லை.

பஸ்ஸில் ஐந்து மணி நேரம். என் பக்கத்து ஜன்னல் கண்ணாடி கொஞ்சம் லூஸ். சும்மா உட்கார்ந்திருக்க முடியாத புத்தி, போனில் வேகம் காட்டும் செயலியைப் போட்டுக்கொண்டு கவனித்தேன். வண்டி 58 கிலோமீட்டரைத் தொடும்போது கண்ணாடி கடகடவென ஆரம்பித்தது. வேகம் குறைந்து 55, 52 என்று வந்தும் நிற்கவில்லை, 47க்கு வந்தபிறகுதான் அடங்கியது. காங்கேயம் தாண்டி இன்னொரு முறை பார்த்தேன்: ஆரம்பம் 59, முடிவு 46. ரப்பரில் ஒட்டிக்கொண்டு நிற்கிற கண்ணாடியைப் பிடுங்கப் பெரிய ஆட்டம் வேண்டும், ஒருமுறை பிய்ந்துவிட்டால் கொஞ்சம் ஆட்டமே அதைத் தொடர்ந்து ஆட்டப் போதும். 50 கிலோமீட்டரில் ஓடும்போது கண்ணாடி ஆடுமா ஆடாதா என்று கேட்டால், அதற்கு முன்னால் வண்டி வேகமாக வந்ததா மெதுவாக வந்ததா என்று திருப்பிக் கேட்கவேண்டும். ஹிஸ்டெரிசிஸ் என்பதற்கு இதைவிட நல்ல சோதனைச்சாலை எனக்கு அமைந்ததில்லை, டிக்கெட்டும் கொடுக்கிறார்கள்.

கரூரில் பத்து நிமிடம். டீ 15 ரூபாய், வெந்நீர் மாதிரி இருந்தது. திருச்சி வந்தபோது இரவு ஒன்பதரை, அப்போதும் அனல்.

ஜூன் 19, வியாழன்: திருச்சி

காலையில் பொங்கல், வடை, கொத்சு. கொத்சுவுக்காகவே இரண்டாவது முறை பொங்கல் வாங்கினேன், அதன் பலனை முதல் அமர்வு முழுக்கக் கொட்டாவியாக அனுபவித்தேன்.

நாற்பது பேர் வந்திருந்தார்கள். எல்லோரும் ஊசல் சமன்பாட்டைக் கரும்பலகையில் நூறு தடவை எழுதியவர்கள், சைன் தீட்டா (தீட்டா என்பது ஊசல் சாய்ந்த கோணம்) வருகிற இடத்தில் "தீட்டா சிறியது என்று கொள்வோம்" என்று ஒரு வரி போட்டு அதைத் தீட்டாவாக மாற்றிக் கடந்து போனவர்கள். நானும் அப்படித்தான். அந்த வரி பொய்யில்லை. 10 டிகிரி ஆட்டத்துக்குப் பிழை 0.2 சதவீதம், யாருக்கும் நஷ்டமில்லை. 60 டிகிரிக்கு அலைவு நேரம் 7 சதவீதம் நீளும், 90க்கு 18. ஆனால் இந்த எண்களை நாங்கள் சொல்வதே இல்லை, கொள்வோம் என்றுவிட்டுப் போய்விடுவோம், பிள்ளைகள் உலகமே அந்த ஒரு வரிக்குக் கட்டுப்பட்டது என்று நினைத்துக்கொண்டு வேலைக்குப் போவார்கள்.

சண்டை வந்தது டகோமா பாலத்தில். 1940 நவம்பர் 7 அன்று அமெரிக்காவில் மணிக்கு சுமார் 68 கிலோமீட்டர் காற்றில் முறுக்கி முறுக்கி ஆடி விழுந்த பாலம், படம் எல்லோரும் பார்த்திருப்பார்கள். ஒத்ததிர்வு என்றுதான் எத்தனையோ பாடப்புத்தகங்கள் இன்னமும் போடுகின்றன. ஒத்ததிர்வு என்றால் வெளியிலிருந்து ஒருவன் சரியான தாளத்தில் தள்ளவேண்டும். அந்தக் காற்றில் பாலத்தின் பின்னால் பிரியும் சுழிகளின் தாளம் வினாடிக்கு ஒன்று, பாலம் முறுக்கியதோ ஐந்து வினாடிக்கு ஒருமுறை. கணக்கு ஒட்டவே இல்லை. பாலத்தின் அசைவே காற்றைத் திருப்பி, அந்தக் காற்று பாலத்தை இன்னும் அசைத்து, தன்னைத்தானே ஊட்டி வளர்த்துக்கொண்ட ஆட்டம் அது, ஃப்ளட்டர் என்பது பெயர். பில்லா, ஸ்கேன்லன் என்ற ஆய்வாளர்கள் 1991இலேயே இதைப் புட்டுப்புட்டு வைத்துவிட்டார்கள்.

எல்லாம் கேட்டுவிட்டு, என்னைவிட மூத்த ஆசிரியர் ஒருவர் எழுந்தார். "நீங்க சொல்றது சரிதான் மேடம். ஆனா வினாத்தாள்ல ஒத்ததிர்வுன்னு எழுதினாத்தானே மார்க் விழும்?" அரங்கம் சிரித்தது. என்னிடம் பதில் இல்லை. நான்கு வருடம் முன்பு அதே கேள்வியை அதே விடையோடு நானே ஒரு வினாத்தாளில் போட்டிருக்கிறேன் என்பதைச் சொல்லலாமா என்று யோசித்தேன், சொல்லவில்லை. இங்கே எழுதிவிட்டேன்.

வெளியே ஆனிக்காற்று, பயிலரங்க பேனர் கயிறோடு சேர்ந்து நாள் முழுக்கப் படபடத்துக்கொண்டே இருந்தது.

ஜூன் 20, வெள்ளி: புகை

இன்றைக்குச் சர்க்யூட் நாள். இந்தச் சர்க்யூட்டைத் திருச்சியில் காட்டுவதற்கு ஒரு காரணம் உண்டு. அது பிறந்த கதையில் இந்த ஊருக்கும் பங்கிருக்கிறது. பாரதிதாசன் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் லட்சுமணனும் முரளியும், அமெரிக்காவில் இருந்த லியோன் சுவாவோடு சேர்ந்து 1994இல் வெளியிட்டது, மூவர் பெயரின் முதலெழுத்தையும் சேர்த்து எம்எல்சி சர்க்யூட் என்பார்கள். ஒரு மின்தடை, 18 மில்லிஹென்றி சுருள், 10 நானோஃபாரட் கெபாசிட்டர், அதற்குக் குறுக்கே சுவா டையோடு, அதாவது மின்னழுத்தம் ஏற ஏற மின்னோட்டம் இறங்குகிற ஒரு பாகம். கடையில் டையோடு என்று கேட்டால் இது கிடைக்காது, இரண்டு ஆப்-ஆம்ப்பும் ஆறு மின்தடையும் வைத்து நாமே கட்டவேண்டும். பிளஸ் டூ பிசிக்ஸ் படித்த பிள்ளை அரை நாளில் செய்துவிடலாம்.

நான் ஐந்து நிமிடத்தில் எரித்துவிட்டேன். பேச்சு சுவாரசியத்தில் பேட்டரியைத் திருப்பி மாட்டி, சின்னதாக டப் என்று ஒரு சத்தம், அப்புறம் அந்த வாசனை. எலெக்ட்ரானிக்ஸ்காரர்களுக்கு அந்த வாசனை தெரியும். மாற்று ஐசி (ஆப்-ஆம்ப் சில்லு, டிஎல்082) வீட்டு மேஜை மேல் பத்திரமாக இருக்கிறது.

ஒரு இளம் ஆசிரியை தன் ஸ்கூட்டியில் என்னை மலைக்கோட்டைப் பக்கம் ஒரு சந்துக்குக் கூட்டிப்போனார். ஆறடிக்கு ஆறடி கடை, சுவர் முழுக்க குட்டிக் குட்டி டிராயர். டிஎல்082 என்று சொல்லி முடிப்பதற்குள் எடுத்து வைத்துவிட்டார் கடைக்காரர், ஒன்று 25 ரூபாய். நாலு வாங்கினேன். "எரிச்சிட்டீங்களா?" என்று கேட்டார். எப்படித் தெரியும் என்றால், "நாலு வாங்குறீங்களே" என்றார்.

மத்தியானம் ஓடியது. ஆஸிலாஸ்கோப்பில் முதலில் ஒற்றை வளையம். உள்ளே கொடுக்கும் சைன் அலையின் உயரத்தை மெல்ல ஏற்றினால் வளையம் இரண்டாகப் பிரியும், பிறகு நாலு, பிறகு எண்ண முடியாத நூல்கண்டு. ஆனால் நான் எப்போதும் திரையோடு விடமாட்டேன், ஒரு சின்ன ஸ்பீக்கரையும் மாட்டிவிடுவேன். உள்ளே போகிற அலை கிட்டத்தட்ட 8900 ஹெர்ட்ஸ், காதைக் குத்துகிற விசில். குமிழைத் திருகிக்கொண்டே போனால் ஒரு இடத்தில் அந்த விசிலுக்கு அடியில், சரியாக ஒரு ஸ்தாயி கீழே, இன்னொரு விசில் சேர்ந்துகொள்ளும். நான் கொடுக்காத சுருதி அது. வளையம் இரண்டானது என்பதைக் காது அப்படித்தான் கேட்கிறது, இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் பழைய இடத்துக்கு வருகிறது என்பதால் பாதி அதிர்வெண். இன்னும் திருகினால் ஸ்ஸ்ஸ் என்று மழை இரைச்சல்.

டீ டம்ளர் எடுக்க வந்த அண்ணன் வாசலிலேயே நின்று கேட்டுவிட்டு, "இப்ப கீழ்க்குரல் ஒண்ணு சேந்துச்சுல்ல?" என்றார். நாற்பது பேராசிரியர்களும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பஜனைக் கோஷ்டியில் ஹார்மோனியம் வாசிப்பவராம்.

சாயங்காலம் திருவானைக்காவல். கோயிலுக்குப் போனேன், ஆனால் மனசு வேறு கணக்கில் இருந்தது. சி.வி. ராமன் பிறந்தது இந்தப் பக்கம்தான், 1888 நவம்பர் 7. (டகோமா பாலம் விழுந்த தேதியும் அதே நவம்பர் 7, சும்மா சொல்கிறேன், அர்த்தம் ஒன்றும் இல்லை.) ராமன் என்றால் ஒளிச்சிதறல் என்றுதான் எல்லோருக்கும் தெரியும். அதற்கு முன்னால் பத்து வருடத்துக்கு மேல் அவர் ஆராய்ந்தது அதிர்வுகளை: ஒரு கம்பியை எப்படித் தொடர்ந்து அதிர வைப்பது, வயலினின் வில் எப்படிப் பிடித்து விட்டுப் பிடித்து விட்டு இழுக்கிறது என்பதையெல்லாம். இன்றைய பெயர் வைத்தால் அதெல்லாம் என் துறை. மேட்டூர் திறந்து ஒரு வாரம் ஆகியிருந்தது, திரும்பும்போது காவிரிப் பாலத்தில் ஆட்டோவை நிறுத்தச் சொல்லி, தூண்களுக்குப் பின்னால் தண்ணீர் இடமும் வலமுமாகச் சுழித்துப் போவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆட்டோக்காரர் வெயிட்டிங்குக்கு 20 ரூபாய் கூடக் கேட்டார், நியாயம்தான்.

ஜூன் 21, சனி: தஞ்சாவூர்

பெரிய கோயிலைப் பற்றி எழுதப்போவதில்லை, எழுத ஆள் இருக்கிறார்கள். கல் சுடுகிறது, காலுறை கொண்டுபோங்கள்.

கோயில் வாசல் கடைகளில் பொம்மை. சாயாத ராஜா பொம்மை ஒன்று 200 ரூபாய் சொல்லி 160க்குக் கொடுத்தார் கடைக்கார அம்மா. அடிப்பாகம் உருண்டை, உள்ளே களிமண் கனம், எப்படித் தள்ளினாலும் எழுந்துவிடும். லேசாகத் தட்டினால் வேகவேகமாக ஆடுகிறது, படுக்கவைத்து விட்டால் முதல் சில ஆட்டங்கள் நிதானமாக, யோசித்து எழுவது போல. நான் திரும்பத் திரும்பப் படுக்கவைத்து போனில் நேரம் பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டு, "உடையாதும்மா, தைரியமா வாங்குங்க" என்றார். கனத்தை ஒளித்துவைக்காமல், ஒரே சீரான பொருளில், நிற்கிற நிலை ஒன்று, சாய்கிற நிலை ஒன்று என்று இரண்டே சமநிலை கொண்ட, குழிவில்லாத உருவம் உண்டா என்று கேட்டவர் ரஷ்யக் கணிதர் அர்னால்ட். உண்டு என்று 2006இல் ஹங்கேரிக்காரர்கள் இருவர் செய்தே காட்டினார்கள், கோம்போக் என்று பெயர். தஞ்சாவூர்க்காரர்கள் களிமண்ணை வைத்துச் சுலபமாக முடித்துக்கொண்டார்கள்.

வீணைப் பட்டறைக்கு ஒரு நண்பரின் மாமா வழியாக ஏற்பாடு. பலாமர வாசனை, தரையெல்லாம் சீவல். ஒரே கட்டையில் குடைந்தால் ஏகாந்த வீணை, அதன் விலையைக் கேட்டதும் பேச்சை மாற்றினேன். எனக்கு வேண்டியது தம்புரா. மூலையில் ஒன்று இருந்தது.

கம்பியின் நடுவில் மீட்டினால் என்ன ஆகவேண்டும் என்பதற்கு ஒரு பழைய விதி உண்டு, யங், ஹெல்ம்ஹோல்ட்ஸ் இருவர் பெயரிலும். இரண்டாவது இசையம் (அடிப்படைச் சுருதியைப் போல இரண்டு மடங்கு அதிர்வெண்) கம்பியின் நடுவில் அசைவதே இல்லை, அதனால் நடுவில் மீட்டி அதைக் கிளப்பவே முடியாது. தம்புராவும் வீணையும் இந்த விதிக்குக் கட்டுப்படவில்லை என்று 1921இல் ராமன் எழுதினார். சரி, பார்த்துவிடலாம் என்று போனை வைத்தேன். சாரணைக் கம்பி ஐந்து கட்டை, 196 ஹெர்ட்ஸ். அளவு டேப் வைத்துச் சரிபாதியில் மீட்டினேன். திரையில் 392இல் கோடு நெட்டுக்குத்தாக எழுந்தது, இருக்கவே கூடாத கோடு.

"ஐயா, ஜீவாவை எடுத்துட்டு ஒரு தடவை கேக்கலாமா?" ஜீவா என்பது குதிரைக்கும் கம்பிக்கும் நடுவே வைக்கும் பருத்தி நூல். பெரியவர் கம்பியை லேசாகத் தூக்கி நூலை உருவினார். மீட்டினால், சவம். பலகையைத் தட்டின மாதிரி ஒரு சத்தம். 392 கோடு அடியோடு போகவில்லை, ஆனால் படுத்துவிட்டது. குதிரையின் மேற்பரப்பு தட்டையாகத் தெரிந்தாலும் லேசான வளைவு உண்டு, கம்பி ஒவ்வொரு அதிர்விலும் அதை உரசிப் பிரிகிறது, எங்கே பிரிகிறது என்பது மாறிக்கொண்டே இருக்கிறது. கம்பியின் நீளமே ஆட்டத்துக்கு ஏற்ப மாறினால் அப்புறம் எந்த நேரியல் விதி நிற்கும். நூல் அந்த உரசலைச் சரியான இடத்துக்குக் கொண்டுவருகிறது.

பெரியவர் நூலைத் திரும்ப நுழைத்து, நகத்தால் தள்ளினார். நகர்த்தியது அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. ஒரு இடத்தில் தேனீக்கூட்டம் போல ரீங்காரம் விரிந்தது. கொஞ்சம் தாண்டினால் போய்விட்டது. திரும்ப வந்தார், அங்கேயே விட்டார். எந்த இடம் என்று எப்படித் தெரிகிறது என்று கேட்டேன். "அது சொல்லும்மா" என்றார். இதை வைத்து என் ஆராய்ச்சி மாணவன் ஒரு அத்தியாயம் எழுதமுடியாது, ஆனாலும் அவனுக்கு வீடியோ அனுப்பினேன்.

சாப்பாடு 130 ரூபாய், வத்தக்குழம்பு பிரமாதம். நான் மூன்றாவது முறை சாதம் கேட்டபோது பரிமாறியவர் என் முகத்தைப் பார்க்காமலே போட்டார், அந்த நாகரிகம் பிடித்தது. மாலை திருவையாறு போய் அசோகா அல்வா. நெய் கை வழியே ஓடியது.

ஜூன் 22, ஞாயிறு: நரசிங்கம்பேட்டை

கும்பகோணத்தில் இட்லி, கடப்பா, காபி. அங்கிருந்து மாயவரம் சாலையில் நரசிங்கம்பேட்டை. ஞாயிற்றுக்கிழமை ஆயிற்றே என்று நினைத்தேன், முகூர்த்த நாட்கள் நெருங்குவதால் கடைசல் ஓடிக்கொண்டுதான் இருந்தது. நாதஸ்வரம் ஆச்சா மரத்தில் செய்கிறார்கள், அதுவும் புது மரம் ஆகாது, பழைய வீடுகளை இடிக்கும்போது வரும் உத்தரம், தூண். பல வருடம் காய்ந்து இனிச் சுருங்க ஒன்றுமில்லாத மரம்.

நான் வந்த காரணத்தைச் சொன்னதும் வயதானவர் ஒருவர், வாயில் வைத்து ஊதுகிற சீவாளியைத் தண்ணீரில் நனைத்து, பாரி என்கிற நீள நாதஸ்வரம் ஒன்றில் பொருத்தி, "ஊதும்மா" என்று நீட்டிவிட்டார். ஊதினேன். காற்றுதான் வந்தது. கன்னம் வலிக்க ஊதினேன், மறுபடி காற்று. இன்னும் கொஞ்சம் முக்கியபோது, முன்னறிவிப்பே இல்லாமல், தெருக்கோடி வரை கேட்கிற மாதிரி ஒரு பிளிறல். நானே பயந்து மூச்சைக் குறைத்தேன், அது நிற்கவில்லை. ஆரம்பிக்க அவ்வளவு அடம் பிடித்தது, பாதி மூச்சிலும் பிளிறிக்கொண்டிருந்தது. பட்டறையில் எல்லோரும் சிரித்தார்கள், எனக்குக் கரூர் பஸ் ஜன்னல் ஞாபகம் வந்தது.

சீவாளி என்பது கொறுக்கைத் தட்டையில் செய்த இரண்டு உதடு. வாய் அழுத்தம் ஏற ஏற உள்ளே போகும் காற்று கூடும், ஒரு அளவுக்கு மேல் அதே அழுத்தம் உதடுகளை நெருக்கிவிடுவதால் காற்று குறைய ஆரம்பிக்கும். தள்ளத் தள்ளக் குறைகிற அந்த இறங்குமுகத்தில்தான் குழலுக்குள் இருக்கும் அலை தனக்குச் சோறு எடுத்துக்கொள்கிறது. வெள்ளிக்கிழமை நான் 25 ரூபாய் ஐசியை வைத்துச் செய்ததும் அந்த இறங்குமுகத்தைத்தான், 1926இல் டச்சு விஞ்ஞானி வான் டெர் போல் சமன்பாடாக எழுதியதும் அதைத்தான். சீரான மூச்சு உள்ளே, தாளமான அதிர்வு வெளியே.

பெரியவர் என் கையிலிருந்து வாங்கி, சீவாளியின் ஓரத்தைக் கத்தியால் இரண்டு இழு இழுத்துவிட்டு மறுபடி கொடுத்தார். இப்போது அடம் இல்லை, எளிதாகப் பேசியது. ஆனால் சத்தம் மெலிசு. "இது சின்னப் பசங்க கத்துக்க. கச்சேரிக்காரர் கேட்டா இதை வாங்க மாட்டாரு, அவருக்கு அடம் வேணும்" என்றார். ஐநூறு ரூபாய் நீட்டினேன், வாங்கவில்லை. சீவாளி இரண்டு விலைக்கு வாங்கிக்கொண்டேன்.

திரும்பும் பஸ்ஸில் மறுபடி ஜன்னல் சீட், மறுபடி லூஸ் கண்ணாடி. எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. போனை எடுத்துக் குறிப்பு ஆரம்பித்தேன்: ஏறும்போது 54, இறங்கும்போது 44. இரண்டாவது முறை 55. இறங்கட்டும் என்று காத்திருந்தபோது கண்டக்டர் வந்து நின்றார். நான் சத்தத்தால் அவதிப்படுகிறேன் என்று நினைத்திருக்கவேண்டும். பையிலிருந்து ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்து நாலாக மடித்து, கண்ணாடிக்கும் சட்டத்துக்கும் நடுவே செருகி, கட்டைவிரலால் ஒரு அழுத்து.

"இப்ப சரியாப் போச்சுங்கம்மா" என்று சொல்லிவிட்டு முன்னால் போய்விட்டார். ஊர் போய்ச் சேரும் வரை கண்ணாடி வாய் திறக்கவில்லை.